ஊரோடு ஒத்துப்போகாதவருக்கு இடமுண்டா?

அரசே இல்லாத சமூகத்தைக் கற்பனை செய்யும் அறிவியல் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், திருடனை யார் பிடிப்பது, சாக்கடையை யார் அள்ளுவது, சோம்பேறிக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விகள்தாம் முதலில் வந்து நிற்கும். நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு அந்த நாவல்கள் சலிக்காமல் பதில் சொல்லிவிட்டன. அழுக்கு வேலையை எல்லோரும் முறைவைத்துச் செய்யலாம், இயந்திரத்திடம் விடலாம், சொத்தே இல்லாத இடத்தில் திருட்டுக்கு வேலையில்லை, உழைப்பில் மகிழ்ச்சி இருந்தால் சோம்பேறிகள் குறைவார்கள். இந்தப் பதில்களை ஏற்கலாம், மறுக்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் இவ்வகைக் கதைகளை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால், வலுவானவற்றையும் வலுவற்றவற்றையும் பிரிக்கும் கோடு வேறோர் இடத்தில் ஓடுவது தெரியும். ஊரே கூடி ஒரு முடிவுக்கு வந்தபின், ‘நான் வரமாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன நேர்கிறது? அவரை அடைக்கச் சிறை இல்லை, சரி. அவருக்குச் சாப்பாடு கிடைக்குமா? அவர் பேச்சைக் கேட்க ஆளிருக்குமா? அவரோடு சேர்ந்து நிற்க யாராவது துணிவார்களா? இந்தக் கேள்வியைத் தம் கதையின் நடுவில் வைத்த நாவல்களே அரசின்மை என்ற கருத்தை உண்மையில் சோதித்திருக்கின்றன என்பது என் வாதம்.

கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் ஜார்ஜ் ஆர்வெல். 1946இல் ஜோனதன் ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ பற்றி எழுதிய கட்டுரையில், நான்காம் பயணத்தில் வரும் குதிரைகளின் நாட்டை அவர் ஆராய்கிறார். அங்கே கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. பேரவை கூடி அறிவுரை மட்டுமே சொல்லும். பகுத்தறிவுள்ள எவரும் அந்த அறிவுரையை மீறமாட்டார் என்பது அந்த நாட்டின் நம்பிக்கை. கலிவரை நாட்டைவிட்டு அனுப்பிவிடும்படி அவனை வைத்திருந்த எசமானக் குதிரைக்கு வருவதும் அத்தகைய அறிவுரைதான். அதைத் தட்ட அந்தக் குதிரையால் முடியவில்லை. ஆர்வெல் இதிலிருந்து பெறும் முடிவு கடுமையானது. சட்டம் இன்னின்னதைச் செய்யாதே என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அதற்கு வெளியே மனிதர் தம் கிறுக்குத்தனங்களோடு வாழ இடம் மிஞ்சும். அன்பும் அறிவும் மட்டுமே ஆள்வதாகச் சொல்லப்படும் இடத்திலோ, மற்றவர்களைப் போலவே நடக்கவேண்டும், மற்றவர்களைப் போலவே நினைக்கவேண்டும் என்ற நெருக்குதல் ஒரு நொடியும் ஓயாது. அரசின்மைவாதத்தின் உள்ளேயே ஒரு கொடுங்கோன்மை ஒளிந்திருக்கிறது என்று சொன்ன இந்த மனிதர் அதன் எதிரி அல்லர். 1936இன் கடைசியில் பார்சலோனாவுக்குப் போய், அரசின்மைவாதத் தொழிலாளர்களின் கையில் இருந்த நகரத்தைப் பார்த்து, அதைப் பற்றி நெஞ்சார எழுதியவர். அதனால்தான் அவருடைய மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாமல் போகிறது.

இந்த மறுப்பு எழுவதற்கு முன்பே எழுதப்பட்ட கனவுகள் இந்தக் கேள்வியை ஏறக்குறைய காணாமலே கடந்தன. சுவர்க் காகிதம் ஒட்டும் தொழிலாளியான ஜோசப் தெஜாக், பிரான்ஸிலிருந்து வெளியேறி நியூயார்க்கில் வாழ்ந்தபோது தன் ‘லெ லிபெர்தேர்’ இதழில் 1858-59இல் தொடராக எழுதிய ‘லூமனிஸ்பேர்’, ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தைய உலகைக் காட்டியது. அரசும் மதமும் குடும்ப ஆதிக்கமும் ஒழிந்த அந்த உலகில் முரண்பாடுகள் இசைவில் போய்க் கரைகின்றன. மறுப்பவர் எவரும் அங்கே நம் கண்ணில் படுவதில்லை. வில்லியம் மாரிஸின் ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’ (1890) இன்னும் நுட்பமானது. மாரிஸ் தன்னை அரசின்மைவாதி என்று ஒருபோதும் அழைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் வரைந்த எதிர்கால இங்கிலாந்தில் அரசு என்று ஒன்று இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தில் எரு சேமிக்கிறார்கள். ஊரே புல் அறுக்கப் போகும்போது, தாங்கள் கட்டும் வீட்டை விட்டு வரமாட்டோம் என்று அடம்பிடிக்கும் ஒரு சிறு கூட்டத்துக்கு அவர் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். பழைய போட்டி உலகமே மேலானது என்று ஓயாமல் முணுமுணுக்கும் கிழவர் ஒருவரும் வருகிறார். பொறாமையால் நேர்ந்த சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டவனை அக்கம்பக்கத்தார் தண்டிப்பதில்லை. அவன் குற்ற உணர்வில் உருக்குலைந்துவிடாமல் காப்பது எப்படி என்றுதான் கவலைப்படுகிறார்கள். இவ்வளவு கனிவு வேறெந்தக் கற்பனை உலகிலும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மாரிஸின் மறுப்பாளர்கள் ஒருவரும் ஊரின் அடித்தளத்தைத் தொடுவதில்லை. வீடு கட்டுபவர்களின் மறுப்பு செல்லப் பிடிவாதம்; கிழவரின் முணுமுணுப்புக்குச் செவிசாய்ப்பவர் இல்லை. யாருக்கும் நட்டமில்லாத மறுப்பைப் பொறுத்துக்கொள்வது எளிது.

மறுப்பையே ஒரு சமூகத்தின் அரசியல் சாசனமாக்கியவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் எரிக் ஃபிராங்க் ரஸ்ஸல். 1951இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்து, பின்பு ‘தி கிரேட் எக்ஸ்ப்ளோஷன்’ (1962) என்ற நாவலின் பகுதியான அவருடைய குறுநாவலில், பூமிப் பேரரசின் போர்க்கப்பல் ஒரு தொலைதூரக் கோளில் இறங்குகிறது. அங்கே வாழ்பவர்கள் தங்களைக் காந்தியின் பெயரால் ‘காண்ட்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். கப்பலில் வந்த தூதர் எதைக் கேட்டாலும் அவர்களிடம் ஒரே பதில்தான்: மாட்டேன். அவர்களுக்குத் தலைவர் இல்லை, பணம் இல்லை. ஒருவர் செய்த உதவிக்கு மற்றவர் படும் கடன்பாடே நாணயம்; அதை ‘ஆப்’ என்கிறார்கள். துப்பாக்கிகளால் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும் படையிலிருந்து வீரர்கள் ஒவ்வொருவராக நழுவி அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். ஒத்துழையாமையை விண்வெளிக்குக் கொண்டுபோன இந்தக் கதை படிக்க மிக இனிமையானது, அரசுக்கு எதிரான வாதமாகவும் கூர்மையானது. ஆனால் அதற்குள்ளேயே பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் ஒரு சோம்பேறியின் கதை வருகிறது. எல்லோரிடமும் வாங்கி எவருக்கும் திருப்பிச் செய்யாத அவனுக்கு, செய்தி ஊர் ஊராகப் பரவிவிட, ஒருவரும் எதுவும் கொடுக்க மறுக்கிறார்கள், அவன் அழிகிறான். பேரரசுக்கு எதிராக உயர்ந்த ‘மாட்டேன்’ இங்கே ஒரு தனியாளுக்கு எதிராகத் திரும்புகிறது. ரஸ்ஸலுக்கு இதில் ஒரு நெருடலும் இல்லை. எனக்குக் கதையிலேயே மிகவும் கலக்கம் தருவது இந்த இடம்.

காந்தியின் பெயரைக் கதை சூடிக்கொண்டிருப்பதால், இந்தியாவில் அதே காலத்தில் நடந்த விவாதத்தையும் இங்கே கொண்டுவர உரிமையுண்டு. தன்னிறைவு கொண்ட கிராமக் குடியரசுகள் ஒன்றையொன்று மிதிக்காமல் பரந்து விரியும் ஒரு நாட்டைக் காந்தி கனவு கண்டார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமக் குடியரசு என்ற அந்தப் புகழ்ச்சியை அடியோடு நிராகரித்தார். கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்வதாகவும் சொன்னார். தில்லி தன்னைத் தொடாத காலத்திலும் இந்தியக் கிராமம் தன் சொந்தக் கட்டுப்பாட்டாலேயே மனிதரை நசுக்கியது. கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாதது, கடையில் பொருள் தராதது, முடிதிருத்த வராதது, வேலை கொடுக்காதது என்று ஊர்விலக்கின் கருவிகள் எதற்கும் காவல் நிலையம் தேவைப்படவில்லை. ரஸ்ஸலின் சோம்பேறிமீது பயன்பட்டதும் இதே கருவிதான். ஆர்வெல் ஓர் இலக்கியத் திறனாய்வாளராகக் கண்டதை அம்பேத்கர் தன் மக்களின் வாழ்விலிருந்து அறிந்திருந்தார். ஆகவே அரசற்ற சமூகத்தைக் கற்பனை செய்யும் ஒரு நாவல் இந்தக் கேள்விக்கு முகம்கொடுக்காமல் போனால், அரசு போனபின் மிஞ்சுவது ஊர்க்கட்டுப்பாடு மட்டும்தானா என்ற ஐயம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கும்.

இந்த ஐயத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட நாவல் உர்சுலா லெ குவினின் ‘தி டிஸ்பொசஸ்ட்’ (1974). ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது. தெளிவற்ற ஒரு கனவுலகம் என்று நூலின் துணைத்தலைப்பே எச்சரிக்கிறது. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளான லெ குவின், அரசின்மைவாதச் சிந்தனையாளர்களான கிரோபோட்கினையும் பால் குட்மனையும் ஊன்றிப் படித்தவர். நாவலுக்கு முன்கதையாக அமைந்த ‘தி டே பிஃபோர் தி ரெவல்யூஷன்’ சிறுகதையை 1972இல் மறைந்த குட்மனின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். ஓடோ என்ற பெண்ணின் சிந்தனையைப் பின்பற்றியவர்கள் உர்ராஸ் என்ற வளமான கோளைவிட்டு, அதன் வறண்ட துணைக்கோளான அனாரெஸில் குடியேறி ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகின்றன. அங்கே சொத்தில்லை, பணமில்லை, சிறையில்லை. உற்பத்தியையும் பங்கீட்டையும் ஒரு குழு ஒருங்கிணைக்கிறது. எங்கே என்ன வேலைக்கு ஆள் தேவை என்று கணினி பட்டியலிடுகிறது. பட்டியலில் வரும் பணியை யாரும் மறுக்கலாம். பொது உணவுக்கூடத்தில் எவருக்கும் உணவுண்டு. தூசியும் பஞ்சமும் நிறைந்த அந்த நிலத்தை லெ குவின் வேண்டுமென்றே தேர்ந்தார் என்று நினைக்கிறேன். செழிப்பில் எல்லோரும் தாராளமாக இருக்கலாம். பற்றாக்குறையில் ஒரு சமூகம் தன் மறுப்பாளரிடம் எப்படி நடக்கிறது என்பதே சோதனை.

அந்தச் சோதனை பிள்ளைப் பருவத்திலேயே தொடங்குகிறது. சிறை என்ற ஒன்று உர்ராஸில் இருந்ததைப் பாடத்தில் கேட்ட சிறுவர்கள், தங்களில் ஒருவனைக் கட்டடத்தின் அடியிலுள்ள இருட்டறையில் அடைத்து விளையாடுகிறார்கள். அதிகாரத்தின் சுவை அவர்களில் சிலருக்குப் பிடித்துப்போகிறது. கதைநாயகன் ஷெவெக்குக்கோ அந்த விளையாட்டு வாந்தியில் முடிகிறது. அரசின்மையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடமும் ஆதிக்க ஆசை தலைகாட்டும் என்று லெ குவின் மறைக்காமல் சொல்லும் முதல் இடம் இது. பிறகு ஷெவெக் இயற்பியலாளன் ஆகிறான். மைய நகரத்தில் மூத்த இயற்பியலாளர் சாபுலின் கீழ் வேலை. சாபுலுக்குப் பதவி என்று பெயர் சொல்லக்கூடிய ஒன்று இல்லை. ஆனால் உர்ராஸின் அறிஞர்களோடு தொடர்பும் நூல் அச்சேறும் வழியும் அவர் கையில். தன் பெயரையும் சேர்த்துக்கொண்டால்தான் ஷெவெக்கின் ஆய்வு வெளிவரும். 1970இல் அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன், கட்டமைப்பில்லாத குழுக்களில் கண்ணுக்குத் தெரியாத கட்டமைப்பு எப்படி உருவாகிறது என்று ஓர் உரையில் விளக்கினார்: பதவி அறிவிக்கப்படாததால் அதைக் கேள்வி கேட்கவும் வழியிருப்பதில்லை. சாபுல் அந்த உரைக்கு உயிர் வந்ததுபோல இருக்கிறார். ஷெவெக்கின் நண்பன் பெடாப், தாங்கள் அரசை ஒழித்துவிட்டு அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயத்தை அரசாக்கிவிட்டோம் என்று வாதிடும்போது, ஆர்வெலின் மறுப்பை ஓர் அனாரெஸ்காரனே தன் வாயால் சொல்கிறான். நாவல் அவனைத் தவறென்று காட்டுவதில்லை.

ஆனால் நாவலின் உண்மையான மறுப்பாளர் ஷெவெக் அல்லர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஷெவெக் மாமேதை, அவனுடைய அறிவு இரண்டு உலகத்துக்கும் வேண்டும். சிறுவயதிலிருந்தே அவனுடைய இன்னொரு நண்பனான டிரின் அப்படியல்ல. அவன் ஒரு நாடகம் எழுதுகிறான். உர்ராஸிலிருந்து அனாரெஸுக்கு ஒளிந்து வந்துவிடும் ஒருவனைப் பற்றிய நகைச்சுவை அது; தன் மக்களையே கேலி செய்வதாக ஊர் அதைப் புரிந்துகொள்கிறது. யாரும் நாடகத்தைத் தடைசெய்வதில்லை. கூட்டம் கூடிக் கண்டிக்கிறார்கள். பிறகு அவனுக்குக் கிடைக்கும் பணிகளெல்லாம் உடலை ஒடிக்கும் வேலைகள்; நாடகம், கல்வி என்று அவன் விரும்பும் எதுவும் வாய்ப்பதில்லை. கடைசியில் ஒரு தீவிலுள்ள மனநலக் காப்பகத்தில் முடிகிறான். அதன்பின் அதே நாடகத்தைத் திரும்பத் திரும்ப எழுதுபவனாகிவிடுகிறான். ஒரு சட்டமும் மீறப்படவில்லை, ஒருவரும் ஆணையிடவில்லை. ஒரு மனிதன் உடைந்துவிட்டான். அறிவியல் புனைகதையில் அரசின்மைக்கு எதிராக எழுதப்பட்ட மிக வலுவான பக்கங்கள் அரசின்மையை நேசித்த ஓர் எழுத்தாளரின் கையால் எழுதப்பட்டவை. அந்த நேர்மைக்காகவே இந்த நாவலை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

லெ குவின் காட்டும் மாற்று மருந்தும் அந்தச் சமூகத்தின் உள்ளிருந்தே வருகிறது. ஷெவெக்கும் அவனுடைய துணைவி டாக்வரும் பெடாபும் தங்களுக்கென்று ஒரு சிறு சங்கம் தொடங்கி, தாங்களே அச்சிடத் தொடங்குகிறார்கள். அனாரெஸின் மரபுப்படி யாரும் எந்தச் சங்கத்தையும் தொடங்கலாம். அதைத் தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. வெறுக்கலாம், ஏசலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சீண்டலாம், தடுக்க முடியாது. வெறுப்புக்கும் தடைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் அரசற்ற சமூகத்தின் சுதந்திரம் முழுதும் இருக்கிறது என்று நாவல் சொல்கிறது. அந்த இடைவெளி பாதுகாப்பானது என்று மட்டும் சொல்வதில்லை. உர்ராஸுக்குப் புறப்படும் ஷெவெக்கைத் துரோகி என்று கல்லெறிகிறது கூட்டம். ஒரு கல் காவல் நின்ற ஒருவரின் உயிரைப் பறிக்கிறது. நாவல் தொடங்குவதே அந்தக் கல்லெறியோடுதான். மறுப்பவர் தொடங்கும் புதிய சங்கத்துக்கு இடம் தருவது சட்டமாக இருக்க வேண்டியதில்லை, ஊர் மறவாத ஒரு பழக்கமாக இருந்தால் போதும் என்பது லெ குவினின் பதில். பழக்கம் மங்கும், ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டியிருக்கும். ஷெவெக்கின் சங்கம் செய்வது அதைத்தான்.

எதிர்ப்பாளர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: மங்கக்கூடிய பழக்கத்தை நம்புவதைவிட எழுதிவைத்த சட்டத்தை நம்புவது மேல் அல்லவா? அம்பேத்கரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதம் கனமானது. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்விலக்குக்கு எதிராக ஒடுக்கப்பட்டவர் கையில் இருப்பது சட்டம்தான். ஆயினும் அந்தச் சட்டம் வெல்லும் இடங்களில் அது தனியாக வெல்வதில்லை. அதை எடுத்துக்கொண்டு போராட ஒரு சங்கமும், சாட்சி சொல்ல நாலு பேரும், தங்க வேறோர் ஊரும் இருந்தால்தான் அது காகிதத்திலிருந்து எழுந்து வருகிறது. அதாவது நாவல்கள் தேடும் அதே மூன்றும் சட்டத்துக்கும் தேவை: நிபந்தனையில்லாத சோறு, பேச ஒரு மன்றம், புதிதாகக் கூடும் உரிமை. சட்டமுள்ள நாட்டையும் இல்லாத நாட்டையும் இந்த அளவுகோலால் ஒருசேர அளக்க முடிகிறது என்பதே இந்த நாவல்களின் பயன். அரசற்ற சமூகம் நடைமுறையில் சாத்தியம் என்று எந்த நாவலாலும் நிரூபிக்க முடியாது. நிரூபித்ததாக எந்த நல்ல நாவலாசிரியரும் சொல்லிக்கொண்டதுமில்லை.

லெ குவினுக்குப் பின் வந்த பெண்ணிய நாவல்கள் இந்தக் கேள்வியைக் கூட்டத்தின் நடைமுறைக்குள் கொண்டுபோயின. மார்ஜ் பியர்சியின் ‘வுமன் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம்’ (1976) நாவலில், நியூயார்க்கின் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட கோனி ராமோஸ் என்ற மெக்ஸிக வம்சாவளிப் பெண், 2137ஆம் ஆண்டின் மட்டப்பாய்செட் என்ற ஊரோடு தொடர்புகொள்கிறாள். அங்கே பிரதிநிதிகளைக் குலுக்கலில் எடுக்கிறார்கள்; விவாதம் ஓயும்வரை பேசுகிறார்கள்; ஒரு வழக்கில் வென்ற தரப்பு, தோற்றவர்களுக்கு விருந்து வைத்துப் பரிசும் தரவேண்டும். தோற்றவர் மனத்தில் கசப்பு தங்கிவிடக்கூடாது என்ற அக்கறையை இவ்வளவு எளிய சடங்கில் காட்டியது அழகு. ஆனால் அதே ஊரில், ஒருமுறை கொலை செய்தவருக்குப் பரிகாரம் உண்டு. இரண்டாம் முறையும் வன்முறையில் இறங்கினால் மரணம்தான். சிறை கட்டிக் காவல் காக்க விரும்பாத ஊர், கொல்லத் துணிகிறது. பியர்சி இதை ஒளிக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன், அந்த முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. உயிரியல் அறிஞரான ஜோன் ஸ்லோன்சூஸ்கியின் ‘எ டோர் இன்டு ஓஷன்’ (1986) எதிர்த்திசையில் போகிறது. ஷோரா என்ற கடல்கோளில் பெண்கள் மட்டுமே வாழும் சமூகம், படையெடுத்து வந்தவர்களையும் கொல்ல மறுக்கிறது. அவர்களுடைய கடைசி ஆயுதம் பேசாதிருத்தல்: தவறிழைத்தவரோடு ஊரார் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நம்முடைய ஊர்விலக்கை இது உடனே நினைவூட்டும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பேச்சு நின்றாலும் உணவு நிற்பதில்லை, உயிருக்கு ஆபத்தில்லை. திரும்பிப் பேச வரும் வழி எப்போதும் திறந்திருக்கும்.

சந்தையை நம்பும் அரசின்மைவாதிகளின் கதைகளைப் பற்றி நீளமாகப் பேச அவ்வளவு இல்லை. அவற்றில் பெருமளவு, அரசாங்கம் செய்த வேலையைக் கூலிக் காவலர்களிடமும் தனியார் நீதிமன்றங்களிடமும் ஒப்படைத்துவிட்டுத் திருப்தியடைகின்றன. பணமில்லாத மறுப்பாளரின் கதி என்னவென்று கேட்பதே இல்லை. விதிவிலக்கு ராபர்ட் ஹைன்லைனின் ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ (1966). சந்திரனில் குடியேறிய கைதிகளின் வழிவந்தோர் பூமியின் ஆட்சியிலிருந்து விடுதலை பெறும் கதை. புரட்சியை வழிநடத்தும் பேராசிரியர் தன்னைப் பகுத்தறிவுள்ள அரசின்மைவாதி என்கிறார். ஆனால் புரட்சியைத் திட்டமிடுவது ஒரு சிறு இரகசியக் குழு. தேர்தல் முடிவைத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்துவது அந்தக் குழுவிலுள்ள கணினி. வெற்றிக்குப் பின் புதிய அரசு புதிய விதிகளைக் குவிக்கத் தொடங்க, கதைசொல்லி வேறெங்காவது போய்விடலாமா என்று யோசிக்கிறான். மறுப்பாளர்களை ஏமாற்றி வென்ற விடுதலை நிலைக்காது என்பதை, ஹைன்லைன் நினைத்தோ நினைக்காமலோ, கதையே சொல்லிவிடுகிறது. சொத்துடைமையை வேரோடு மறுக்கும் ‘தி டிஸ்பொசஸ்ட்’ நாவலை அமெரிக்கச் சுதந்திரவாதிகளின் ப்ரொமிதியஸ் விருதுக் குழு 1993இல் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. மறுப்பாளரின் பக்கம் நிற்கும் நாவல் கட்சிகளைத் தாண்டிப் போகும் என்பதற்கு அது சான்று.

பற்றாக்குறையே பிரச்சினையின் வேர், அதை நீக்கிவிட்டால் மறுப்பாளரைப் பற்றிய கவலையும் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் எம். பேங்க்ஸ் 1987இல் ‘கன்சிடர் ஃப்ளீபஸ்’ நாவலோடு தொடங்கிய ‘கல்ச்சர்’ வரிசை இந்த வாதத்தின் மிகச் சிறந்த வடிவம். அளவில்லாத வளம், மனிதரை விஞ்சிய அறிவுள்ள ‘மைண்ட்’கள் எல்லாவற்றையும் நடத்துகின்றன, யாருக்கும் எதுவும் மறுக்கப்படுவதில்லை. கொலை செய்தவருக்குத் தண்டனை கிடையாது. ஒரு சிறு இயந்திரம் கூடவே வந்து இன்னொரு கொலையைத் தடுக்கும், விருந்துகளுக்கு அழைப்பு வராது, அவ்வளவே. அவ்வரிசையில் வரும் பெரும் போர் தொடங்கியபோது அதை ஏற்காத பகுதியினர் பிரிந்து போய்த் தனி அணியானார்கள். தடுக்க யாரும் முனையவில்லை. மறுப்பாளருக்கு இவ்வளவு பரந்த இடம் வேறெந்தக் கற்பனையிலும் இல்லை. ஆனாலும் பேங்க்ஸ் தன் கனவைத் தானே சோதித்தார். முதல் நாவலின் நாயகனே கல்ச்சரை இயந்திரங்களின் ஆட்சியென்று வெறுத்து எதிரணியில் நிற்பவன். ‘தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்’ (1988) நாவலில், ஆட்டக்காரன் குர்கே ஒரு மோசடியில் சிக்கவைக்கப்பட்டு, மிரட்டலுக்குப் பணிந்து தொலைதூரப் பேரரசுக்குப் போகிறான். கட்டாயமே இல்லாத சமூகம் தன் குடிமகனைச் சூழ்ச்சியால் வேலை வாங்குகிறது. வளம் மறுப்பாளரின் வயிற்றைக் காக்கும். தன்னைவிட மிக அதிகம் அறிந்தவர்களின் திட்டத்திலிருந்து அவரைக் காக்காது.

கனடாவில் பிறந்த கோரி டாக்டரோவின் ‘வாக்அவே’ (2017) மறுப்பை நடைபாதையாக்குகிறது. பெரும் பணக்காரர்களின் உலகத்தைவிட்டு வெளியேறியவர்கள், கைவிடப்பட்ட நிலங்களில் இயந்திரங்களால் வேண்டியதையெல்லாம் அச்சிட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். லிம்போபோ என்ற பெண் பலரோடு சேர்ந்து ஒரு விடுதியைக் கட்டி வளர்க்கிறாள். யார் எவ்வளவு உழைத்தார் என்று மதிப்பெண் போட்டுப் பலகையில் காட்ட வேண்டும் என்ற கூட்டம் ஒன்று வந்து அதைக் கைப்பற்றுகிறது. அவள் சண்டை போடுவதில்லை. எழுந்து போய் இன்னொன்றைக் கட்டுகிறாள். கென் மக்லியோட் ‘தி கசீனி டிவிஷன்’ (1998) நாவலில் ஒத்துழைக்க மறுப்பவர்களுக்கு லண்டன் பக்கத்தையே விட்டுவைத்ததும் இதற்கு நெருங்கியதுதான். விலகிப் போகும் உரிமை பெரிய உரிமை. ஆனால் அது ஒன்றே போதும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. போக இடம் வேண்டும், உடலில் தெம்பு வேண்டும், விட்டுப்போகும் உறவுகளை இழக்கும் துணிவு வேண்டும். சாமுவேல் டெலானியின் ‘டிரைட்டன்’ (1976) இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சட்டமே செல்லாத ஒரு பகுதியை நகரத்தின் நடுவில் வைத்திருக்கும், எல்லா விருப்பங்களுக்கும் இடம் தரும் அந்தச் சமூகத்தில் நாயகன் பிரான் நிம்மதியின்றித் தவிக்கிறான். அவனுடைய மறுப்புக்கு எதிராளியே இல்லை. லெ குவினின் நாவலைப் பற்றி 1977இல் வெளியான நீண்ட திறனாய்வில், தன்பாலினத்தவனான பெடாபின் வாழ்வு அங்கே போதிய முழுமையோடு வரையப்படவில்லை என்று டெலானி சுட்டினார். சரியான குற்றச்சாட்டு. மறுப்பாளர்களுக்காக எழுதப்பட்ட நாவலிலும் சில மறுப்பாளர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் போர் இந்தச் சமூகங்களை ஒரே நாளில் அழித்துவிடாதா என்பது மிகப் பழைய மறுப்பு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1936 நவம்பரில், அரசின்மைவாதத் தொழிற்சங்கமே அரசில் சேர்ந்து, அதன் பிரதிநிதிகள் அமைச்சர்களாயினர். பிராங்கோவின் படை வென்றபோது எல்லாம் முடிந்தது. நாவல்கள் இதற்குப் பெரும்பாலும் இடத்தைக் கொண்டே பதில் சொல்கின்றன: தொலைதூரக் கோள், வறண்ட துணைக்கோள், ஒப்பந்தம். இது பலவீனம்தான். ஆனால் வெளியெதிரிக்கு அஞ்சி உள்மறுப்பாளரை வாயடைக்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதையும் இவைதாம் காட்டின. அனாரெஸில் ஷெவெக்கின் மேல் எறியப்பட்ட கற்கள் உர்ராஸைப் பற்றிய அச்சத்தால் எறியப்பட்டவை.

இன்னும் இந்த நாவல்கள் போதிய அளவு எழுதாத ஒருவர் இருக்கிறார். மறுப்பவர் என்றாலே இவை திடகாத்திரமான, பேசத் தெரிந்த, எழுந்து நடக்கக்கூடிய ஒருவரைத்தான் நினைக்கின்றன. ஷெவெக் விண்கலம் ஏறலாம், லிம்போபோ நடந்துவிடலாம். முதியவர்களையும் நோயாளிகளையும் கவனிப்பவர் பியர்சிதான். மட்டப்பாய்செட்டில் சாஃபோ என்ற மூதாட்டி தன் ஊரார் சூழ இறப்பதை அவர் பொறுமையாக எழுதுகிறார். ஆனால் அவரும் சாஃபோவை ஊரோடு உடன்பட்டவளாகவே வைத்திருக்கிறார். லெ குவினிடம் ஒரு பத்தி இதை மிக அருகில் போய்த் தொடுகிறது. பஞ்ச காலத்தில் ஷெவெக்குக்குக் கிடைத்த பணி பட்டியல் போடுவது: உழைக்கக்கூடியவருக்கு முழு ரேஷன், உழைக்க முடியாத அளவு நோயுற்றவருக்குக் குறைந்த ரேஷன். யார் பசியால் வாடவேண்டும் என்று எழுதும் வேலை அது என்று உணர்ந்ததும் அவன் விலகிக்கொள்கிறான். வேறொருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் தங்கள் பெயரை எழுதவேண்டாம் என்று மறுத்திருந்தால் அனாரெஸ் என்ன செய்திருக்கும்? அவர்களால் சங்கம் தொடங்க முடியாது, கோளை விட்டுப் போக முடியாது, உழைப்பை நிறுத்தி ஊரை நெருக்கவும் முடியாது. அவர்களுடைய ‘மாட்டேன்’ எதையும் நிறுத்தாது. அப்படிப்பட்ட ஒருவரைக் கதைசொல்லியாக வைத்து, அந்தப் பட்டியலின் மறுபக்கத்திலிருந்து எழுதப்பட்ட நாவல்தான் இந்த வகைக்கு இன்னும் தேவைப்படுகிறது.